பந்தைத் தேர்ந்தெடுக்கப் பழக்குங்கள்: ஒரு சிறுவனின் பேட்டிங்கை வளர்ப்பது எப்படி?

தேனி மாவட்டம் கூடலூரில் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்துவிட்டால் வயல்கள் பையன்களுக்குச் சொந்தம். தாளடியை மிதித்துச் சமப்படுத்தி, மூன்று குச்சிகளை ஊன்றி ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் திறந்து முதல் போக வேலை ஆரம்பமாகும்வரை அதுதான் மைதானம். அந்தக் கூட்டத்தில் உங்கள் மகனோ, அக்கா மகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ இருப்பான். டென்னிஸ் பந்தில் வெளுத்து வாங்குவான். பள்ளி அணித் தேர்வுக்கோ மாவட்டத் தேர்வுக்கோ போய் லெதர் பந்தைச் சந்தித்தால் மூன்றாவது பந்தில் கிளீன் போல்டு ஆகித் திரும்புவான்.

அவனுக்கு உதவ நினைக்கும் பெரியவருக்காக எழுதப்பட்டது இது. உங்களுக்கு கிரிக்கெட் ஆடிய அனுபவம் கொஞ்சமே இருக்கலாம். ஊரில் அகாடமி இல்லாமல் இருக்கலாம். அதனால் பெரிய இழப்பு இல்லை. பேட்டிங்கில் வளர்வதற்கு ஒரு சிறுவனுக்கு முதலில் தேவைப்படுவது புதிய ஷாட்டுகள் அல்ல. வரும் பந்தைச் சீக்கிரம் அடையாளம் கண்டு, இதை அடிக்கலாம், இதைத் தடுக்க வேண்டும், இதை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுக்கும் பழக்கமே தேவை. அந்தப் பழக்கம், பொறுமையாகப் பந்து எறிய ஒருவர் இருந்தால் வரும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

அரை நொடிக் கணக்கு

கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 20.12 மீட்டர். பந்துவீச்சாளரின் கிரீஸுக்கும் பேட்ஸ்மேனின் கிரீஸுக்கும் இடையே இருப்பது சுமார் 17.7 மீட்டர்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து இந்தத் தூரத்தைக் கடக்க முக்கால் நொடிகூட ஆகாது. சர்வதேச ஆட்டத்தில் 140 கிலோமீட்டரைத் தொடும் பந்துக்கு ஏறக்குறைய அரை நொடி.

கண் பார்த்த ஒன்றுக்கு உடல் பதில் தரத் தொடங்கவே சுமார் 0.2 நொடி ஆகிறது. மட்டையை இறக்கிப் பந்தைத் தொடவும் ஏறக்குறைய அதே அளவு நேரம் வேண்டும். மீதியிருக்கும் துளி நேரத்துக்குள் முடிவு எடுக்கப்பட வேண்டும். பந்து பாதி வழி வந்த பிறகு யோசிக்கத் தொடங்கும் பையன், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தாமதமாகத்தான் ஆடுவான். "வேகமா சுத்துடா" என்று வெளியிலிருந்து கத்துவதால் பயன் இல்லை. தாமதம் அவன் கையில் இல்லை; பந்தை அடையாளம் காண்பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பந்து எறிபவர் நிற்கும் மேட்டிலிருந்து அடிப்பவரின் தட்டுவரை 18.44 மீட்டர். எறிபவர் முன்னால் காலை நீட்டி எறிவதால் உண்மையான தூரம் இன்னும் குறைவு. 150 கிலோமீட்டர் வேகப் பந்து 0.4 நொடியில் வந்துவிடும். அதனால் அந்த விளையாட்டின் பயிற்சியாளர்கள் பந்தை அடையாளம் காணும் பயிற்சிக்குத் தனி இடம் கொடுக்கிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

கண் எங்கே இருக்க வேண்டும்?

"பந்தையே பாரு" என்று எல்லோரும் சொல்கிறோம். தேர்ந்த பேட்ஸ்மேனின் கண் உண்மையில் என்ன செய்கிறது என்பதை மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியை ஆட்டக்காரர்களின் தலையில் பொருத்திப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த ஆய்வு வெளியானது. பந்து புறப்படும் கணத்தைக் கண் கூர்ந்து கவனிக்கிறது. பிறகு பந்துக்கு முன்பாகவே தாவி, அது தரையில் விழப்போகும் இடத்துக்குப் போய்க் காத்திருக்கிறது. பந்து குத்தி எழும்பிய பின் மறுபடியும் சிறிது நேரம் அதைத் தொடர்கிறது. தேர்ந்தவருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் இருந்த முக்கியமான வேறுபாடு, அந்தத் தாவலை எவ்வளவு சீக்கிரம் செய்கிறார் என்பதுதான்.

நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். பந்து புறப்படும் கையைப் பையன் கவனிக்க வேண்டும். எங்கே குத்தும் என்பதை முன்கூட்டியே கணிக்கப் பழக வேண்டும். இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. நீங்கள் பந்தை விட்டதும், அது தரையில் விழும் முன்பாகவே "ஃபுல்" அல்லது "ஷார்ட்" என்று அவன் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் சில நாட்கள் அடிக்கவே வேண்டாம், சொன்னால் போதும். சொல்வது சரியாக வரத் தொடங்கியதும் சொல்லிக்கொண்டே ஆடட்டும். அதன்பின் மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

இன்னொரு பயிற்சிக்கு இரண்டு பந்துகள் வேண்டும். ஒன்றில் சிவப்பு மையாலும் இன்னொன்றில் நீல மையாலும் பெரிய புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள். எதை எறியப்போகிறீர்கள் என்று காட்டாமல் எறியுங்கள். நிறத்தைச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். நிறத்தைத் தேடும் கண் தானாகவே உங்கள் கைக்குப் போய்விடும்.

இவை பலிக்க வேண்டுமானால் தலை அசையாமல் இருக்க வேண்டும். பந்து புறப்படும்போது இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தலை ஆஃப் சைடு பக்கம் சாய்ந்துவிட்டால் நேராக வரும் பந்துகூட லெக் சைடில் வருவதுபோலத் தோன்றும். பையன் அடிக்கடி எல்பிடபிள்யூ ஆகிறான் என்றால் காலைத் திருத்துவதற்கு முன் தலையைப் பாருங்கள்.

டென்னிஸ் பந்து கற்றுக்கொடுத்ததும் கொடுக்காததும்

டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம். பெரியவர்களுக்கான லெதர் பந்து 155.9 முதல் 163 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் எடையுள்ள சிறிய பந்து இருக்கிறது. சின்னப் பையனுக்கு முதலில் அதையே வாங்குங்கள். பெரிய பந்தில் சீக்கிரம் பழக்கினால் சீக்கிரம் தேறுவான் என்று நினைக்க வேண்டாம். பயம்தான் முதலில் பழகும்.

டென்னிஸ் பந்து கண்ணுக்கும் கைக்கும் நல்ல ஒத்திசைவைத் தருகிறது. துணிச்சலைத் தருகிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த டி. நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இந்திய அணிக்கு ஆடினார். அவர் பந்துவீச்சாளர் என்றாலும், ஊர் ஆட்டத்திலிருந்து வருகிறவனுக்குக் கதவு அடைபடவில்லை என்பதற்கு அவர் போதுமான சாட்சி.

ஆனால் டென்னிஸ் பந்து ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிவிடுகிறது. அது குத்தியபின் உயரமாகவும் மெதுவாகவும் எழும்பும். எந்தப் பந்தையும் இடுப்பு உயரத்தில் படுக்கை மட்டையால் லெக் சைடுக்குச் சுற்றிவிடலாம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் திராட்சைப் பந்தல் என்றிருக்கும் இடத்தில் ரன் கிடைக்கும் திசையும் பெரும்பாலும் ஒன்றே. அந்தச் சுற்று கையில் ஊறிவிடுகிறது. லெதர் பந்து அப்படி எழும்பாது. சறுக்கிக்கொண்டு விரைந்து வரும், சில நேரம் தாழ்ந்தே வரும். தையலில் பட்டால் திசையும் மாறும்.

நேர்மட்டையால் ஆடு என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதன் காரணத்தைப் பையனுக்குக் கணக்காகவே விளக்கலாம். குத்தி வரும் பந்து எவ்வளவு உயரம் எழும்பும் என்பதில்தான் சந்தேகம் மிகுதி. மட்டையின் அகலம் அதிகபட்சம் 10.8 செ.மீ. அதன் அடிக்கும் பகுதியின் நீளமோ அரை மீட்டருக்கும் மேல். மட்டையை நிமிர்த்திப் பிடித்தால் அரை மீட்டர் உயரத்துக்குக் காவல். படுக்க வைத்தால் 10.8 செ.மீ. உயரத்துக்கு மட்டுமே காவல்.

பேஸ்பாலில் ஏன் படுக்கையாகவே சுழற்றுகிறார்கள் என்று அவன் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே பந்து தரையில் குத்துவதில்லை. நேராகக் காற்றில் வருகிறது. அடிப்பவர் காக்க வேண்டியது 43 செ.மீ. அகலமுள்ள தட்டுக்கு மேலே இருக்கும் வெளியை. கிரிக்கெட்டைப்போல வெறுமனே தடுத்துக்கொண்டே நிற்கும் வாய்ப்பும் அந்த ஆட்டத்தில் இல்லை. கிரிக்கெட்டில் ஃபுல் டாஸும், இடுப்புக்கு மேல் எழும்பும் ஷார்ட் பந்தும் வரும்போது நாமும் படுக்கை மட்டையைத்தான் பயன்படுத்துகிறோம். ஆகவே அவனுடைய லெக் சைடு சுற்று தவறான ஷாட் அல்ல. அது எந்தப் பந்துக்குரியது என்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மட்டை, பிடி, நிற்கும் முறை

அண்ணனின் பெரிய மட்டையைத் தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். செலவு மிச்சம்தான். ஆனால் கனமான மட்டையை நேராக இறக்கச் சிறுவனின் மேல்கைக்கு வலு போதாது. கீழ்க்கையால் இழுத்துச் சுற்றுவான். நாம் விடச்சொல்லும் பழக்கமே இன்னும் வலுவாகும். ஏறக்குறைய நாலரை அடி முதல் நாலே முக்கால் அடி உயரமுள்ள பையனுக்கு 5ஆம் எண் மட்டை, அதற்கு மேல் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவுவரை 6ஆம் எண், அதற்கும் மேல் ஹாரோ என்பது கடைகளில் பின்பற்றும் பொதுவான அளவு. வாங்கும்போது மேல்கையால் மட்டும் மட்டையை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கிக் கீழே இறங்கினால் அது அவனுக்குக் கனம். தொடங்குபவனுக்குக் காஷ்மீர் வில்லோ மட்டை போதும்.

பிடியில் மேல்கை இறுக்கமாகவும் கீழ்க்கை தளர்வாகவும் இருக்க வேண்டும். கீழ்க்கையின் பிடி கோழிக்குஞ்சைப் பிடிக்கும் பிடி: நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இரண்டு கைகளும் ஒட்டியிருக்கட்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே விழும் பள்ளம் இரு கைகளிலும் ஒரே கோட்டில், மட்டையின் முதுகுப் பக்கம் நோக்கி அமையட்டும்.

கால்கள் தோள் அகலத்துக்கு விலகி, முழங்கால் லேசாக மடிந்து, எடை இரண்டு பாதங்களின் முன்பகுதியிலும் சமமாக இருந்தால் முன்னும் பின்னும் உடனே நகரலாம். ஃபுல் பந்துக்கு முன்கால் பந்தின் பக்கத்தில் போகும், தலை அந்தக் காலுக்கு மேலே வரும், பந்து கண்ணுக்குக் கீழே வரும்போது மட்டை தொடும். ஷார்ட் பந்துக்குப் பின்கால் ஸ்டம்பை நோக்கி நகரும். இவ்வளவு போதும். மீதியை அவன் உடல் தானே கண்டுபிடிக்கட்டும். டான் பிராட்மேனின் பிடி அன்றைய பாடப்புத்தகம் சொன்னபடி இருக்கவில்லை. ஆனாலும் 52 டெஸ்டுகளில் அவருடைய சராசரி 99.94. ரன் வரும்வரை, பந்து மட்டையின் நடுவில் படும்வரை, பையனின் சொந்தப் பாணியைத் தொடாதீர்கள்.

எறிபவரே பயிற்சியாளர்

இந்திய அணியுடன் பல ஆண்டுகளாகப் பயணம் செய்பவர் ரகு என்று அழைக்கப்படும் டி. ராகவேந்திரா. கர்நாடகத்தின் கும்டாவைச் சேர்ந்தவர். நுனியில் பந்தைக் கவ்வும் குழியுள்ள நீண்ட பிளாஸ்டிக் கோலால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து எறிவது அவர் வேலை. வேகப்பந்தை ஆடும் தன் திறன் மேம்பட்டதற்கு அவருடைய த்ரோ டவுன்கள் முக்கியக் காரணம் என்று விராட் கோலி பேட்டியில் சொல்லியிருக்கிறார். உலகின் முதல்தர பேட்ஸ்மேனும் தினமும் நம்புவது, நல்ல பந்துகளை அலுக்காமல் எறியும் ஒரு கையைத்தான்.

உங்களால் அவ்வளவு வேகமாக எறிய முடியாது, தேவையும் இல்லை. தூரத்தைக் குறைத்தால் போதும். 12 மீட்டரிலிருந்து, அதாவது பெரியவர் நடையில் பதினாறு தப்படி தள்ளி நின்று, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், முழு பிட்ச்சில் 100 கிலோமீட்டர் வேகப் பந்துக்குக் கிடைக்கும் அதே நேரம்தான் அவனுக்குக் கிடைக்கும். தோள் வலிக்காமல் அரைமணி நேரம் எறியலாம்.

வேகத்தைவிட இடம் முக்கியம். பையனின் கிரீஸிலிருந்து நான்கு தப்படி முன்னால் ஒரு கோடு, எட்டுத் தப்படி முன்னால் இன்னொரு கோடு என்று சுண்ணாம்பால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கோட்டுக்கு உள்ளே விழுவது ஃபுல், இரண்டாவதைத் தாண்டி உங்கள் பக்கம் விழுவது ஷார்ட், நடுவில் விழுவது குட் லெங்த். அவன் உயரத்துக்கும் உங்கள் வேகத்துக்கும் ஏற்ப கோடுகளை மாற்றிக்கொள்ளலாம். கையை மேலே தூக்கி, பந்துவீச்சாளரின் கை வரும் உயரத்திலிருந்தே எறியுங்கள். கையைத் தாழ்த்தித் தூக்கிப் போட்டால் பந்து வரும் கோணமே மாறிவிடும்.

முதல் வாரம் ஒரே இடத்தில் எறியுங்கள். ஃபுல் பந்து, ஆஃப் ஸ்டம்பில். அவன் நேராக உங்களை நோக்கித் தரையோடு அடிக்கட்டும். இரண்டாவது வாரம் இரண்டு இடங்களை முன்கூட்டிச் சொல்லி மாற்றி மாற்றி எறியுங்கள். அதன் பிறகு சொல்லாமல் கலந்து எறியுங்கள். கலக்கத் தொடங்கியதும் அவன் மோசமாக ஆடுவான். அதைப் பார்த்துப் பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள். எந்தப் பந்து வரும் என்று தெரிந்து ஆடுவது கைக்குப் பயிற்சி. தெரியாமல் ஆடுவதுதான் முடிவெடுக்கப் பயிற்சி. மேட்ச்சில் அவனுக்கு வேண்டியது இரண்டாவது.

லெதர் பந்துக்குப் போகுமுன் ஒரு படி இருக்கிறது. டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையில் எறியுங்கள். பந்து சறுக்கி, தாழ்வாக வேகமெடுத்து வரும். பாதிப் பந்தில் எலக்ட்ரிக் டேப் ஒட்டினால் காற்றில் வளையும். கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவ மாதங்களில் கணவாய்கள் வழியே வீசும் காற்றுக்கு டென்னிஸ் பந்து தாங்காது. அந்த நாட்களில் காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்கள்

நாற்று நட்டபின் வயல் இல்லை. இந்த மாதங்களில் பையனின் மட்டை பரணுக்குப் போய்விடுகிறது. அப்படி விடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பௌரல் என்ற சிறிய ஊரில் சிறுவன் பிராட்மேன், வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது எக்குத்தப்பாகத் திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துக்கொண்டிருந்தான். தனியாகத்தான் செய்தான். செலவு ஏதும் இல்லை.

நம் வீட்டுச் சுவரும் அதற்குப் போதும். ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதை ஸ்டம்பாலோ பழைய மண்வெட்டிக் காம்பாலோ தட்டட்டும். குச்சியால் பத்துக்கு ஆறு பந்தைத் தொடப் பழகியவனுக்கு மட்டை அகலமாகத் தெரியும்.

பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டு, கயிற்றில் கட்டி, வேப்பமரக் கிளையில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிடுவது இன்னொரு வழி. மட்டையின் முழு முகமும் பந்தில் பட்டால் அது நேராகப் போய் நேராகத் திரும்பும். மட்டை கோணினால் பந்து வட்டமடிக்கும். அருகில் யாரும் சொல்லாமலேயே தவறு அவனுக்குத் தெரிந்துவிடும்.

பேஸ்பாலில் பந்தை ஒரு கம்பத்தின் உச்சியில் வைத்து அடித்துப் பழகுகிறார்கள். தொடங்கும் குழந்தைகளும் செய்கிறார்கள், தொழில்முறை வீரர்களும் மேட்ச்சுக்கு முன் செய்கிறார்கள். பந்து அசையாமல் இருப்பதால் முழுக் கவனமும் மட்டையின் பாதையில் இருக்கும். நாம் உயரமான கம்பத்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் மூடியின் மேல் பந்தைத் தரையில் வைக்கலாம். முன்கால், தலை, மட்டை மூன்றும் ஒரே கோட்டில் வந்து பந்தை நேராகத் தள்ளுகின்றனவா என்று பார்க்கலாம்.

எந்தப் பந்தை அடிப்பது?

பாஸ்டன் அணிக்கு ஆடிய டெட் வில்லியம்ஸ் பேஸ்பாலின் தலைசிறந்த அடிப்பாளர்களில் ஒருவர். 1941ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் சராசரி 0.406. ஏறக்குறைய பத்துக்கு நான்கு முறை வெற்றி. அந்த விளையாட்டில் பத்துக்கு மூன்று முறை வென்றாலே சிறந்த ஆட்டக்காரர். அடிப்பது பற்றி அவர் எழுதிய புத்தகத்தில், அடிக்கக்கூடிய பரப்பு முழுவதையும் 77 பந்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் தன் சராசரி எவ்வளவு இருக்கும் என்று குறித்திருந்தார். தனக்குப் பிடித்த இடத்தில் 0.400. வெளிப்பக்கக் கீழ் மூலையில் 0.230. ஒரே ஆள், ஒரே மட்டை. பந்தின் இடம் மட்டும் மாற, பலன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அதனால்தான் அடிக்க ஏற்ற பந்துக்காகக் காத்திருப்பதை அவர் முதல் விதியாக வைத்தார்.

உங்கள் பையனுக்கும் இப்படி ஒரு படம் போடலாம். நோட்டில் மூன்று வரிசை, மூன்று பத்தி கொண்ட ஒன்பது கட்டங்கள். வரிசைகளுக்கு ஃபுல், குட் லெங்த், ஷார்ட். பத்திகளுக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, ஸ்டம்பில், லெக் ஸ்டம்பில். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் எந்தக் கட்டத்துப் பந்தை நன்றாகச் சந்தித்தான், எதில் தடுமாறினான் என்று இருவரும் சேர்ந்து குறியுங்கள். மூன்று வாரங்களில் அவனுடைய பலம் எங்கே, ஓட்டை எங்கே என்பது தெரிந்துவிடும். பலமான கட்டத்துப் பந்து வந்தால் அடி. ஓட்டையான கட்டத்துப் பந்து ஸ்டம்புக்கு வந்தால் தடு. ஸ்டம்புக்கு வெளியே போனால் விடு. ஆட்டத்தில் அவன் எடுக்கும் எல்லா முடிவுகளும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

பந்தை விடுவதையும் ஒரு திறமையாக மதியுங்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் நல்ல பந்தைத் தலையை அசைக்காமல், மட்டையை உயர்த்தி விட்டான் என்றால், பவுண்டரிக்குக் கொடுக்கும் பாராட்டை அதற்கும் கொடுங்கள். பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர், சிறுவன் சச்சின் டெண்டுல்கரின் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைப்பார். அவனை அவுட்டாக்குபவனுக்கு அந்த நாணயம். யாராலும் முடியாவிட்டால் சச்சினுக்கு. அப்படி வென்ற பதின்மூன்று நாணயங்களை டெண்டுல்கர் பின்னாளிலும் பெருமையாகப் பாதுகாத்தார். அச்ரேக்கர் பரிசு வைத்தது அவுட்டாகாமல் நிற்பதற்கு.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

லெதர் பந்தோ கார்க் பந்தோ கைக்கு வந்தால் ஹெல்மெட், கால் பேட், கிளவுஸ், அப்டமன் கார்டு நான்கும் கட்டாயம். ஒரு செட்டை நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம், அப்டமன் கார்டைத் தவிர. அறுவடை வயலின் வெடிப்பிலும் தாளிலும் பட்டுக் கடினப் பந்து எகிறினால் எந்தத் திறமையும் காப்பாற்றாது. 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் கழுத்தில் பந்து பட்டு பிலிப் ஹியூஸ் உயிரிழந்தார். ஹெல்மெட் அணிந்திருந்த சர்வதேச வீரர் அவர். கடினப் பந்து ஆட்டத்தைச் சிமெண்டு பிட்ச்சிலோ மேட் விரித்த தரையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வயல் டென்னிஸ் பந்துக்கானது.

என்ன சொல்ல வேண்டும்?

ஒரு நாளில் ஒரே ஒரு திருத்தம். தலை என்றால் அன்று முழுக்கத் தலை. பந்துக்குப் பந்து ஒரு குறை சொன்னால் பையன் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

சொல்வதைவிடக் கேட்பது பலன் தரும். அவுட்டானதும் "ஏன்டா அதை அடிச்ச?" என்று கேட்காதீர்கள். அது கேள்வியாக அவன் காதில் விழாது, திட்டாகத்தான் விழும். "பந்து எங்க குத்துச்சு தம்பி?" என்று கேளுங்கள். "ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய, கொஞ்சம் ஷார்ட்டா மாமா" என்று சரியாகச் சொல்கிறான் என்றால், பார்வை சரி, முடிவில்தான் பிழை. "தெரியல மாமா" என்றால் அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. நாளைக்கு மறுபடியும் "ஃபுல், ஷார்ட்" பயிற்சி.

மேட்ச் நடக்கும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து அறிவுரை சொல்ல வேண்டாம். முடிவெடுக்கப் பழக்கியவர் முடிவை அவனிடமே விட வேண்டும். அரைமணி நேரப் பயிற்சி, வாரத்தில் நான்கு ஐந்து நாள் போதும். அவன் களைத்த பிறகு எறியும் பந்துகள் தவறான பழக்கத்தையே பதியவைக்கும். படிப்பு இருக்கும் பிள்ளைக்கு இந்த அளவு சுமையாகவும் இருக்காது.

தேர்வுக்கும் தேர்வுக்கு அப்பாலும்

தேனி மாவட்ட கிரிக்கெட் சங்கம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கீழ் இயங்குகிறது. மாவட்டங்களுக்கு இடையே 14, 16, 19 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டிகள் நடக்கின்றன. அங்கிருந்து மாநில அணி, 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, 19 வயதுக்கு உட்பட்டோருக்குக் கூச் பெஹார் கோப்பை என்று படிகள் இருக்கின்றன. தேர்வில் ஒரு பையனுக்குக் கிடைப்பது சில பந்துகள்தான். அத்தனையையும் சிக்ஸருக்குத் தூக்க முயல்பவனைவிட, ஸ்டம்பில் வருவதை நேர்மட்டையால் ஆடி, வெளியே போவதை விட்டு, கிடைத்த ஃபுல் பந்தைத் தரையோடு விரட்டுபவனே தேர்வாளரின் கண்ணில் படுவான்.

எல்லாப் பையனும் மாவட்ட அணிக்குப் போகப்போவதில்லை. அதனால் முன்னேற்றத்தைத் தேர்வுப் பட்டியலை வைத்து அளக்காதீர்கள், ஒன்பது கட்ட நோட்டை வைத்து அளங்கள். ஒரு மாதத்தில் எத்தனை பந்து மட்டையின் நடுவில் பட்டது, எத்தனை பந்தைச் சரியாக விட்டான், போன மாதம் ஓட்டையாக இருந்த கட்டத்தில் இப்போது எத்தனை முறை தாக்குப்பிடித்தான் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். ரன் ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. சரியான முடிவுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்றால் அவன் வளர்கிறான் என்று நம்பலாம். ரன் அதைப் பின்தொடர்ந்து வரும்.

தொடங்குவதற்கு வேண்டியவை ஒரு மட்டை, மூன்று டென்னிஸ் பந்து, கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு நோட்டு. இவற்றோடு வாரத்தில் நான்கு ஐந்து நாள் அரைமணி நேரம் பந்து எறிய ஒரு பெரியவர். முதல் நான்கும் கூடலூர்க் கடைகளிலேயே கிடைக்கும். ஐந்தாவதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.